முதல் நாவலுக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

கரிசல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம், வங்கி வேலை. சில சிறுகதைகள் இணைய இதழ்களில் வந்திருக்கின்றன. இப்போது முதல் நாவலை முடித்திருக்கிறேன். தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகும் ஒரு வீட்டுப் பெண்களின் கதை. பாட்டி, அம்மா, மகள். பெரும்பகுதி 1996இல் நடக்கிறது. அச்சில் 300 பக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஒன்று சிறிய பதிப்பகம். பணம் கேட்கவில்லை. ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். அதன் முக்கியமான வரிகள்:

"இந்நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சேர்ந்தவை. விற்பனையில் ஆசிரியருக்கு 10 சதவீதம் உரிமைத்தொகை வழங்கப்படும். ஆசிரியருக்கு 10 பிரதிகள் இலவசம்."

இன்னொன்று, எழுத்தாளர்களுக்கான 'பேக்கேஜ்'. 45,000 ரூபாய். ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்), அட்டை, 100 பிரதிகள், சென்னையில் வெளியீட்டு விழா, ஜனவரிப் புத்தகக் காட்சியில் ஸ்டாலில் இடம். இந்த வாரத்துக்குள் பாதிப் பணம் கட்டினால்தான் ஜனவரிக்கு வருமாம்.

எது சரி? அல்லது இரண்டையும் விட்டுவிட்டு அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போட்டுவிடலாமா? இங்கே படைப்பு சம்பந்தமாகக் கேட்பவர்கள் ஒரு பத்தியாவது காட்ட வேண்டும் என்பது வழக்கம் என்பதால் நாவலின் தொடக்கத்தைத் தருகிறேன். தயங்காமல் சொல்லுங்கள்.

"கதிரவன் தன் பொற்கரங்களால் கரிசல் பூமியைத் தழுவத் தொடங்கியிருந்த அதிகாலைப் பொழுதில், வறுமையின் கோரப்பிடியில் சிக்கியிருந்த முத்துமாரி கனத்த இதயத்துடன் வேனுக்குக் கிளம்பினாள். தூக்குச்சட்டியில் நேற்றைய கஞ்சி. அவளது விரல்களில் மருந்தின் நெடி நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. 'அம்மா, ஏன் இன்று இவ்வளவு சீக்கிரம் செல்கிறீர்கள்?' என்று மகள் ஏக்கத்துடன் வினவினாள். 'முன்பணம் வாங்கியிருக்கிறோம் அல்லவா?' என்று தழுதழுத்த குரலில் கூறினாள்."


தெற்குவீதி எழுதியது:

45,000 கேட்பவரை இன்றே விட்டுவிடுங்கள். மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.


கடைசிஸ்டால் எழுதியது:

புத்தகக் கடை வைத்திருக்கிறேன், கொஞ்சம் பதிப்பும் உண்டு. அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு தெரியாமல் எந்த ஒப்பந்தத்தையும் எடைபோட முடியாது.

உங்கள் நாவலுக்கு அட்டை விலை 350 ரூபாய் என்று வைப்போம். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் பதிப்பாளர் கைக்கு வருவது 227 ரூபாய் 50 காசு. இப்போதெல்லாம் முதல் அச்சே 200, 300 பிரதிதான், டிஜிட்டல் அச்சில். அந்த அளவில் ஒரு பிரதிக்கான அச்சுச் செலவு, நிறையப் பிரதி அடிக்கும் ஆஃப்செட் அச்சைவிடக் கூடுதல். கணக்குக்காக 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அட்டை விலையில் 10 சதவீதம், 35 ரூபாய். மிச்சம் 72 ரூபாய் 50 காசு. பக்க வடிவமைப்பு, அட்டை ஓவியர், மெய்ப்புப் பார்ப்பவர் (அச்சுக்கு முன் பிழை திருத்துபவர்), ஸ்டால் வாடகை, லாரி, கடைக்காரர்களிடம் நிலுவை என்று எல்லாவற்றையும் இந்த 72 ரூபாயில்தான் பார்க்க வேண்டும். நல்ல எண்ணம் உள்ள பதிப்பாளரே இதனால்தான் எடிட்டரை வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறார்.

உங்கள் பக்கக் கணக்கு: 300 பிரதியும் விற்றால் 10,500 ரூபாய். பெரும்பாலும் ஒரு வருடத்தில் விற்காது. அதனால் முதல் நாவலில் பணத்தைப் பார்ப்பதைவிட, பின்னால் பணம் வரக்கூடிய உரிமைகளை இழக்காமல் இருப்பதைப் பாருங்கள்.

இனி பேக்கேஜ். மேலே சொன்ன கணக்குப்படி 100 பிரதிக்கு 12,000. அட்டை, வடிவமைப்பு எல்லாம் தாராளமாகப் போட்டாலும் 10,000. ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். ராஜாராம் மோகன் ராய் பெயரில் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் முகமை கொடுக்கிறது, சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதைக் காசுள்ள பொருளாகப் பட்டியலில் காட்டுகிறார்கள் என்றால் மற்றதையும் சந்தேகப்பட வேண்டியதுதான். பாக்கி 23,000 உங்கள் கையிலிருந்து போகிறது. அப்புறம் அந்தப் புத்தகத்தை விற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, ஏனென்றால் அவருடைய வாடிக்கையாளர் வாசகர் அல்ல, நீங்கள்.

ஜனவரி அவசரம் பற்றியும் ஒரு வார்த்தை. பொங்கலை ஒட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது, பெரிய சந்தை, மறுக்கவில்லை. ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எல்லாப் பதிப்பகத்திலும் ஒரே நெரிசல். மெய்ப்பு ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்காமல் அச்சுக்குப் போகும். புதுப் பெயர் ஒன்று அந்தக் குவியலில் காணாமல் போகும். ஆகஸ்டில் ஈரோடு இருக்கிறது, மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. தூத்துக்குடியிலோ விருதுநகரிலோ தீப்பெட்டி நாவலை வாங்குகிற கூட்டம் சென்னைக் காட்சி நடக்கும் நந்தனத்தில் இருக்காது.


வேப்பம்பூ எழுதியது:

இந்த இழையின் போக்கு எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கதிரவனின் பொற்கரங்களை எழுதியிருக்கும் ஒருவரிடம் கழிவு, நிலுவை, உரிமை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் எழுத்து. சி.சு. செல்லப்பா 1959இலிருந்து 1970வரை 'எழுத்து' என்ற இலக்கியச் சிற்றிதழை நடத்தினார். விற்பனைக் கணக்கைப் பார்த்திருந்தால் நடத்தியிருக்க முடியுமா?


கடைசிஸ்டால் எழுதியது:

வேப்பம்பூ, முதலில் எழுத்து என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் செல்லப்பாவை நீங்கள் சொல்கிற பக்கத்தில் நிறுத்த முடியாது. புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். வாசகர் கைக்குப் போகாத புத்தகம் பாதிப் புத்தகம்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பேசுவதும் அந்த வேலையைப் பற்றித்தான்.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

கிண்டில் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பல வருடங்களாக இணையத்தில் தொடர் எழுதுகிறேன். குடும்பக் கதை, காதல் கதை. இங்கே சிலருக்கு அது இலக்கியம் இல்லை, இருக்கட்டும். வீட்டு வாடகைக்கு அதிலிருந்துதான் பணம் வருகிறது.

கரிசல்காரி அக்கா, கிண்டிலில் தமிழ் 2016 கடைசியிலிருந்து இருக்கிறது. நாமே ஏற்றலாம், காசு இல்லை. உரிமைத்தொகை 35 அல்லது 70 சதவீதம். இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்வடிவம் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவில்கூட. பிரதிலிபி மாதிரித் தொடர்கதைத் தளத்தில் போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நாம்தான் போய் நிறுத்த வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கிண்டில் சந்தாதாரர்கள் படித்தால் பக்கக் கணக்கில் பணம் வரும்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், உங்கள் நாவல் வகைக்கு கிண்டில் மட்டும் போதாது. என் வாசகர்கள் அடுத்த பாகத்துக்காக வருகிறவர்கள். மாதம் ஒன்று எழுதினால்தான் அங்கே பெயர் நிற்கும். வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒரே நாவலை எழுதும் உங்களைப் போன்றவர்களுக்கு அச்சுப் புத்தகம்தான் மதிப்புரைக்கும் விருதுக்கும் நூலகத்துக்கும் போகும் வழி. மின்னூலைக் கூடுதலாக வையுங்கள்.

இணையத்தில் எழுதுவதால் எனக்குக் கிடைத்த ஒரு பாடம் உங்களுக்கும் உதவும். அத்தியாய வாரியாக எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியும். முதல் அத்தியாயத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மூன்றாவதில் இல்லை என்றால், தப்பு மூன்றாவதில் இருக்காது. இரண்டாவதின் கடைசி இரண்டு பக்கத்தில் இருக்கும். அங்கே கதாபாத்திரத்துக்கு வேண்டியது எதுவோ அது கிடைத்திருக்கும், அல்லது அவள் எதையும் வேண்டாமல் சும்மா நினைவுகளில் உட்கார்ந்திருப்பாள். நாவலை நாலு பேரிடம் படிக்கக் கொடுக்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லாருக்கு" என்றுதான் வரும். "எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எப்போது திரும்ப எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.


மெய்ப்புமேசை எழுதியது:

பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்த்தும் செம்மை செய்தும் காலம் போனவன். பத்தியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, உங்கள் பத்தியில் உண்மையான பொருள்கள் நான்கு இருக்கின்றன. வேன், தூக்குச்சட்டி, மருந்து நெடி, முன்பணம். இந்த நான்கும் வேறு யாரும் கொண்டுவர முடியாதவை. அவற்றைச் சுற்றி ஊரில் எல்லோரும் எழுதுகிற சொற்கள் ஆறு நிற்கின்றன: பொற்கரங்கள், கோரப்பிடி, கனத்த இதயம், நிரந்தரமாகக் குடியேறிய நெடி, ஏக்கத்துடன், தழுதழுத்த. இவை எல்லாம் வாசகர் என்ன உணர வேண்டும் என்று உத்தரவு போடுகின்றன. உத்தரவு வந்ததும் உணர்ச்சி போய்விடும்.

'வறுமையின் கோரப்பிடி' என்று சொல்லிவிட்டு அப்புறம் முன்பணத்தைக் காட்டுகிறீர்கள். முன்பணம் வாங்கிவிட்டதால் விடியுமுன் ஓட வேண்டியிருக்கிறது என்பதே வறுமை. அதுவும் எந்த மாதிரி வறுமை, யாருக்குக் கடன்பட்ட வறுமை என்பதுவரை சொல்லிவிடுகிறது. முதல் வரி தேவையே இல்லை.

நான் செய்து பார்த்தது இது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எங்கே கை வைத்தேன் என்று பாருங்கள்:

"வேன்காரன் இரண்டாவது ஆரனும் அடித்துவிட்டான். முத்துமாரி நேற்றைய கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடினாள். விரலை முகர்ந்து பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்தாள். மருந்து நெடி போகவில்லை.

'ஏம்மா, இன்னும் விடியவே இல்லையே.'

'அட்வான்ஸ் வாங்கிருக்கம்லா.'"

சூரியனை எடுத்துவிட்டேன், ஏனென்றால் மகள் வாயில் விடியல் வந்துவிட்டது. வேனை மேலே கொண்டுவந்தேன், காத்திருக்கிற வேன் காட்சிக்கு அவசரத்தைக் கொடுக்கிறது. விரலை முகர்வது நான் சேர்த்தது. நெடி இருந்தது என்று நாம் சொல்வதைவிட, போய்விட்டதா என்று அவள் பார்ப்பது மேல். 'வினவினாள்', 'கூறினாள்' இரண்டும் போயின. இரண்டே பேர் பேசும் இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று அடி எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

பெரிய பிரச்சினை பேச்சு. சொந்த வீட்டில் மகள் அம்மாவிடம் "செல்கிறீர்கள்" என்று பேசுவாளா? எழுதும்போது மேடையில் ஏறிவிடுகிறோம். விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு ஊர்ப்பேச்சில் இருக்கட்டும். கரிசலில் அதற்கு முன்னோடிகளுக்குப் பஞ்சமில்லை. கி. ராஜநாராயணன் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டுவைத்திருக்கிறார்.

ஒவ்வோர் அத்தியாயத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே கோடு போடுங்கள். பிறகு பதிப்பாளர் விஷயம்.


கரிசல்காரி எழுதியது:

ஐயா, நன்றி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது. ஒன்றே ஒன்று, "வாங்கிருக்கம்லா" எங்கள் ஊரில் வராது. "வாங்கிருக்கம்ல" என்போம். 'லா' போடுவது இன்னும் தெற்கே.

ஒரு சந்தேகம். பேச்சை முழுக்க வட்டார வழக்கில் எழுதினால் சேலத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்குப் புரியுமா? அடிக்குறிப்பு போடலாமா?


மெய்ப்புமேசை எழுதியது:

பார்த்தீர்களா, இதைத்தான் வேறு யாரும் செய்ய முடியாது. "ல" என்றே வையுங்கள்.

அடிக்குறிப்பு வேண்டாம், வாசகர் பக்கத்தை விட்டு இறங்கி ஏற வேண்டியிருக்கும். தெரியாத சொல் வரும் இடத்தில் அந்தப் பொருளை யாராவது கையில் எடுக்கட்டும், பயன்படுத்தட்டும். புரிந்துவிடும். ஒலியை அப்படியே எழுத்தில் கொண்டுவரவும் முயல வேண்டாம். சொல், வாக்கிய வளைவு, விளி, இவை மூன்றும் ஊர்க்காரர்களுடையதாக இருந்தால் போதும். ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எழுதினால் ஊர்க்காரரே தடுமாறுவார்.


சாத்தூர்வண்டி எழுதியது:

எங்கள் வீட்டிலும் தீப்பெட்டி ஆபீஸ்தான் சோறு போட்டது. தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். முன்பு நீங்கள் சிறுகதைப் பகுதியில் இதே நாவலிலிருந்து ஓர் அத்தியாயம் போட்டிருந்தீர்கள், படித்திருக்கிறேன். அதில் மகள் ஒரு ரூபாய் கொடுத்துக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்குவாள். கதை 1996 என்றால் அது இடிக்கும். 1995இல்தான் 25 காசிலிருந்து 50 காசாக ஏறியது. ஒரு ரூபாய் ஆனது 2007இல். அப்புறம் 14 வருடம் அதே விலை, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய். எங்கள் பக்கத்து ஆட்கள் படித்தால் அந்த ஒரு ரூபாயில் நின்றுவிடுவார்கள்.

இன்னொன்று, 50 காசு உங்களுக்குக் கதையாகவே உதவும். விலை இரண்டு மடங்கானதும் கூலி என்ன ஆனது என்று பாட்டி கேட்கலாமே.


கரிசல்காரி எழுதியது:

அண்ணாச்சி, இந்தக் கேள்வியைப் பாட்டி கட்டாயம் கேட்பாள். மூன்றாம் அத்தியாயத்தில் அவளுக்கு வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.


ஆவணப்பெட்டி எழுதியது:

வழக்குரைஞர். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம், கையெழுத்துக்கு முன் உங்கள் ஊரில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அந்த மூன்று வரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம்.

"அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சேர்ந்தவை." இதற்குள் தமிழ் அச்சு, மின்னூல், ஒலிநூல், எல்லா மொழிபெயர்ப்பும், திரைப்படம், இணையத்தொடர், நாடகம், பாடநூலில் சேர்ப்பது எல்லாம் அடங்கிவிடும் என்று வாதாடலாம். 300 பிரதி அச்சடிப்பவருக்கு இத்தனையும் எதற்கு? உங்கள் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. அது 'அசுரன்' படமானது 2019இல். 37 வருடம் கழித்து. எந்த நாவலுக்கு எப்போது கதவு திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. மொழிபெயர்ப்பும் அப்படித்தான். பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' ஆங்கிலத்துக்குப் போய் 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு வாங்கியது. பரிசுத்தொகை எழுத்தாளருக்கு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். கடைசிஸ்டால் போட்ட 10,500 ரூபாய்க் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான். எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். 2012இல் செய்த திருத்தத்தில் 18ஆம் பிரிவில் இன்னொரு பாதுகாப்பும் வந்தது: ஒப்பந்தம் போடும்போது இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த உரிமை மாற்றம் செல்லாது.

ஆனால் சட்டம் காப்பாற்றும் என்று காத்திருந்தால் வழக்குப் போட வேண்டியிருக்கும். 10,500 ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவது? அதனால் தாளிலேயே சரியாக எழுதிவிடுங்கள். இப்படி:

"இந்நூலைத் தமிழில் அச்சு வடிவில் வெளியிடும் உரிமையை மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆசிரியர் பதிப்பகத்துக்கு அளிக்கிறார். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், இணையத்தொடர், நாடகம் உள்ளிட்ட பிற உரிமைகள் அனைத்தும் ஆசிரியரிடமே இருக்கும்."

அடுத்து "விற்பனையில் 10 சதவீதம்". எதில் 10? அட்டை விலையிலா, கழிவு போகக் கைக்கு வந்த தொகையிலா? 350 ரூபாய்ப் புத்தகத்துக்கு முதலாவது 35 ரூபாய், இரண்டாவது 22 ரூபாய் 75 காசு. 'அட்டை விலையில்' என்ற இரண்டு சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள். எப்போது தருவார்கள், எத்தனை அச்சடித்தார்கள், எத்தனை விற்றது என்று வருடம் ஒரு முறையாவது எழுத்தில் தருவார்களா என்பதையும் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் அச்சுக்கும் பிரதி எண்ணிக்கையை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

முன்பெல்லாம் 'கையிருப்பு தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்' என்று எழுதுவோம். இப்போது அது பயன்படாது. கேட்டால் ஒரு பிரதி அச்சடித்துக் கொடுக்கிற காலத்தில் புத்தகம் எப்போதுமே 'கையிருப்பில்' இருக்கும். அதனால் எண்ணிக்கையைப் போடுங்கள். தொடர்ந்து இரண்டு வருடம் 50 பிரதிக்குக் கீழ் விற்றால் உரிமை திரும்பும் என்பது மாதிரி.

கடைசியாக, உங்கள் சம்மதம் இல்லாமல் உள்ளடக்கத்திலும் தலைப்பிலும் மாற்றம் செய்யக் கூடாது என்று ஒரு வரி. முதல் பக்கங்களில் 'பதிப்புரிமை: ஆசிரியருக்கு' என்று அச்சாக வேண்டும் என்று ஒரு வரி. பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை உங்களுடையதுதான், எழுதிய கணத்திலிருந்தே. உங்கள் காலத்துக்குப் பின் 60 வருடம்வரை வாரிசுகளுக்கு. இப்போது போடும் கையெழுத்து உங்கள் பேரப்பிள்ளைகள்வரை போகும்.

வங்கி வேலை என்கிறீர்கள். நூல் வெளியிடுவது, அதற்குத் தொகை பெறுவது பற்றி உங்கள் பணிவிதிகள் என்ன சொல்கின்றன என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.


கடைசிஸ்டால் எழுதியது:

அவர் சொன்னதோடு நூலக ஆணையையும் சேருங்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நாம் கட்டுகிற நூலக வரியிலிருந்துதான் பொது நூலகத் துறை புத்தகம் வாங்குகிறது. ஆணை வந்தால் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் பிரதிகள் போகும், ஆனால் எல்லா வருடமும் வரும் என்று நம்ப முடியாது. அரசு தருகிற விலை அட்டை விலையாக இருக்காது. அந்தப் பிரதிகளுக்கு உரிமைத்தொகை எந்த விலையில் என்று தனியாக எழுதவில்லை என்றால் அங்கேதான் தகராறு வரும். நிறையப் பேருக்கு ஆணை வந்ததே தெரியாமல் போயிருக்கிறது.

எந்தப் பதிப்பகமாக இருந்தாலும் ஒன்று கேட்டுப் பாருங்கள். 1954ஆம் ஆண்டு நூல்கள் வழங்கல் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் மற்ற நூலகங்களுக்கும் பிரதி அனுப்புகிறீர்களா என்று. அனுப்புகிறவர் புத்தகத்தைப் பற்றி நினைக்கிறவர். பேக்கேஜ்காரர்களில் பலருக்குக் கேள்வியே புரியாது.


புதுமுகம்_மதுரை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவுதான் வருமானம் என்றால் முழுநேர எழுத்தாளர் என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா? வேலையை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.


மெய்ப்புமேசை எழுதியது:

தம்பி, விடாதீர்கள். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெருமாள்முருகன் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டபிறகு எழுத்தை நம்பி வாழ்ந்தார், அது எவ்வளவு சிரமமான வாழ்க்கை என்று அவரே எழுதியிருக்கிறார். சம்பளம் இருப்பவர்தான் மோசமான ஒப்பந்தத்தை மறுக்க முடியும், இன்னொரு வருடம் திருத்திக்கொண்டிருக்க முடியும். காலையில் வேலைக்கு முன் ஒரு மணி நேரம், தினமும், அதே இடத்தில். நாவல் வந்துவிடும்.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

முழுநேரமாக எழுதுகிறவள் என்ற முறையில் ஒரு திருத்தம். முடியும், ஆனால் ஒரே இடத்தை நம்பி இருக்கக் கூடாது. கிண்டில், தொடர் தளம், ஒலிநூல், அச்சு என்று நாலு இடத்திலிருந்து சின்னச் சின்னதாக வர வேண்டும். ஒரு தளம் விதியை மாற்றினால் ஒரே மாதத்தில் வருமானம் பாதியாகும், எனக்கு நடந்திருக்கிறது. அதற்கும் ஆவணப்பெட்டி சார் சொன்னதுதான் அடிப்படை. உரிமை கையில் இருந்தால்தான் நாலு இடத்தில் போட முடியும்.


கரிசல்காரி எழுதியது:

நிலவரம் சொல்கிறேன். பேக்கேஜை மறுத்துவிட்டேன். சிறிய பதிப்பகத்துக்கு ஆவணப்பெட்டி சார் எழுதிக் கொடுத்த வரிகளை அனுப்பி, மற்றவற்றைக் கேள்வியாகக் கேட்டிருந்தேன். பதிப்பாளரே தொலைபேசியில் பேசினார். கோபப்படவில்லை. "இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் பழைய தாளையே அனுப்பிக்கொண்டிருந்தோம்" என்றார். ஐந்து வருடம், அட்டை விலையில் 10 சதவீதம், மொழிபெயர்ப்பும் திரைப்படமும் என்னிடம், இவற்றுக்கு உடனே சரி என்றார். கணக்கு வருடம் ஒரு முறை, மார்ச் முடிந்ததும். நூலக ஆணைக்கு அரசு தரும் விலையில் 10 சதவீதம். 50 பிரதி விதியை 30 ஆக்கச் சொன்னார், சம்மதித்தேன்.

மின்னூலை மட்டும் தனக்குத் தரச் சொல்கிறார். அச்சில் கையைக் கடிக்கிறது, மின்னூல் இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம் என்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் தெரிகிறது.

ஜனவரி வேண்டாம், ஆகஸ்ட் பார்க்கலாம் என்றேன். அவருக்கும் அதில் நிம்மதி.


ஆவணப்பெட்டி எழுதியது:

நல்ல பதிப்பாளர். மின்னூலைக் கொடுங்கள், ஆனால் அதற்கு 10 சதவீதம் பொருந்தாது. அச்சு, லாரி, கிடங்கு எதுவும் இல்லாத இடத்தில் தளத்திலிருந்து வரும் தொகையில் பாதி கேளுங்கள், 40இல் முடிந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்கு மட்டும் கொடுங்கள், அச்சு உரிமையோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். ஆறு மாதத்துக்குள் ஏற்றாவிட்டால் உரிமை திரும்பும் என்றும் எழுதுங்கள். 'செலக்ட்' திட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் உங்களிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும், இல்லாவிட்டால் நீங்கள் இணைய இதழுக்கு ஓர் அத்தியாயம் கொடுப்பதே விதிமீறலாகிவிடும்.

இரண்டு அசல் எடுங்கள். எல்லாப் பக்கத்திலும் இருவர் கையெழுத்தும் வேண்டும், கடைசியில் தேதியும் இரண்டு சாட்சிகளும். ஓர் அசல் உங்களிடம் இருக்க வேண்டும், வாட்ஸப்பில் வரும் படம் போதாது.


மெய்ப்புமேசை எழுதியது:

ஆகஸ்ட் என்றால் மே மாதத்துக்குள் பிரதி அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் மூன்றாம் அத்தியாயத்தை 50 காசோடு திருத்தி இங்கே போடுங்கள். பாட்டி பேசும் இடத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புங்கள்.